புழுவைக் கொல்லாத புட்டி: மாடித் தோட்டத்துக்கான ஜாஸ்மோனேட் தெளிப்புக் கரைசல்

பெங்களூரில் லால்பாக்கை அடுத்த சித்தாபுராவில் வரிசையாக உள்ள நர்சரிகளுள் ஒன்றில், வேப்பெண்ணெய்க்கும் மண்புழு உரத்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருந்த இந்தத் தெளிப்புக் கரைசலை வாங்கி, தக்காளி, கத்தரி, கடுகுக்கீரை, கறிவேப்பிலை, அவரை ஆகியவற்றின்மேல் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். நூறு மில்லி புட்டியின் விலை 340 ரூபாய். செடி ஹார்மோன்களான மெத்தில் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம், இவற்றோடு கடற்பாசிச் சாறு ஆகிய மூன்றும் இதில் கலந்திருப்பதாக உறை கூறுகிறது. உற்பத்தியாளரின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். இவ்வகைக் கரைசலை எந்தப் பெயரில் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டியில் தக்காளி, கத்தரி நாற்று வளர்ப்பவர்களுக்கு இது ஓரளவு உதவும், கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் உதவாது, வெள்ளை ஈத் தொல்லைக்காக இதை வாங்குவது வீண் செலவு.

கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். தமிழிலேயே விளக்கினார். "அக்கா, இது மருந்து இல்லை, செடிக்கு டானிக்" என்றார். உறையோ ஒரு பக்கத்தில் தன்னை உயிரூக்கி என்றும், மறுபக்கத்தில் "புழு, அசுவினி, வெள்ளை ஈ அனைத்திலிருந்தும் முழுப் பாதுகாப்பு" என்றும் அறிவிக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக நிற்க முடியாதவை. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை 2021-இல் திருத்தப்பட்டு, உயிரூக்கிகள் முதன்முறையாக அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஊட்டத்தை உறிஞ்சும் திறன், வளர்ச்சி, விளைச்சல், நெருக்கடியைத் தாங்கும் தன்மை ஆகியவற்றைத் தூண்டுவதையே உயிரூக்கியின் வேலையாக அந்தத் திருத்தம் வரையறுக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு உட்பட்ட பூச்சிக்கொல்லிகளையும் செடி வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளையும் அது வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. ஒரு செடி ஹார்மோனைப் பெயர் சொல்லிச் சேர்த்து, பூச்சியிடமிருந்து பாதுகாப்பு என்றும் விளம்பரப்படுத்திவிட்டு, உயிரூக்கி என்ற அடையாளத்தோடு விற்பனைக்கு வரும் சரக்கை வாங்குபவர் உறையின் இரண்டு பக்கங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் படிப்பது நல்லது.

இனிக் கரைசல் செய்வதாகச் சொல்லும் வேலைக்கு வருகிறேன். புழு ஒன்று இலையைக் கடிக்கும்போது சிதைந்த உயிரணுக்களிலிருந்து குளூட்டமேட் கசிகிறது. அதை உணரும் ஏற்பிகள் திறந்துகொள்ள, கால்சியம் அயனிகளின் அலை ஒன்று இலை நரம்புகள் வழியாக ஏறத்தாழ நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் கடிபடாத இலைகளுக்கும் பரவுகிறது. ஒளிரும் புரதம் புகுத்தப்பட்ட, அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்து ஆய்வுச் செடிகளில் இந்த அலை ஓடுவதை மசாத்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் ஆகியோரின் குழு 2018-இல் படமாகவே எடுத்து வெளியிட்டது. அலை சென்று சேர்ந்த இலையில் பசுங்கணிகச் சவ்விலுள்ள லினோலெனிக் அமிலம் என்னும் 18 கார்பன் கொழுப்பமிலம் பிரிக்கப்பட்டு, நொதிகளின் கைமாறிக் கைமாறி, பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்பில், புட்டியிலுள்ள மெத்தில் ஜாஸ்மோனேட்டின் மூல வடிவமான ஜாஸ்மோனிக் அமிலமாக முடிகிறது. அந்த அமிலம் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. சாதாரண நாட்களில் பாதுகாப்பு மரபணுக்கள் இயங்காதபடி ஜாஸ் என்னும் தடுப்புப் புரதங்கள் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. ஐசோலூசின் சேர்ந்த ஹார்மோன் சிஓஐ1 என்னும் ஏற்பியையும் இந்தத் தடுப்புப் புரதத்தையும் ஒட்டவைக்க, தடுப்புப் புரதம் சிதைக்கப்படுகிறது, மரபணுக்கள் விடுபடுகின்றன. ஜாஸ் புரதங்கள் கண்டறியப்பட்டது 2007-இல்தான் என்பதை நினைத்தால், இந்த அறிவு எவ்வளவு புதியது என்பது விளங்கும்.

விடுபட்ட மரபணுக்கள் எதைத் தயாரிக்கின்றன என்பதே தோட்டக்காரருக்கு முக்கியம். தக்காளியிலும் உருளையிலும் அது பெருமளவு புரதச் செரிமானத் தடுப்பான்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயானும் அவருடைய சகாவும் 1972-இல் காட்டியது இதுதான்: கொலராடோ உருளை வண்டு ஓர் இலையைத் தின்றால், அது தொடாத இலைகளிலும் இந்தத் தடுப்பான் சேருகிறது. இவை நஞ்சு அல்ல. புழுவின் குடலில் புரதத்தை உடைக்கும் நொதிகளை இவை கட்டிப்போட்டுவிடுவதால், வயிறு நிறையத் தின்றும் புழு தேறுவதில்லை. காட்டுப் புகையிலையில் இதே ஹார்மோன் வேருக்குச் சென்று நிகோடின் உற்பத்தியைக் கூட்டுகிறது. கடுகுக் குடும்பத்தில் குளுகோசினோலேட்டுகள் பெருகி, இலை கடிபடும்போது நொதியோடு கலந்து, கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் அதே காரத்தை வெளியிடுகின்றன. எனவே புட்டியில் இருப்பது எச்சரிக்கை மணி மட்டும். தீயணைப்பு வண்டியைச் செடிதான் அனுப்ப வேண்டும்.

இதிலிருந்தே இரண்டு முடிவுகள் வந்துவிடுகின்றன. உறையில் இரண்டுமே இல்லை. முதலாவது, காலம். ஜாஸ்மோனிக் அமிலம் சில நிமிடங்களில் பெருகலாம். ஆனால் தடுப்பான் புரதங்கள் இலையில் போதுமான அளவு சேர்வதற்குப் பல மணி நேரமோ ஒன்றிரண்டு நாட்களோ பிடிக்கும். ஆகவே புழு வருவதற்கு முன்பு தெளித்தால்தான் பயன். இரண்டாவது, புழு ஏற்கெனவே கடித்துக்கொண்டிருக்கும் செடி தன் சொந்த ஹார்மோனைத் தாராளமாகவே சுரந்துகொண்டிருக்கும். அதன்மேல் வெளியிலிருந்து மேலும் கொஞ்சம் ஊற்றுவதால் பெரிதாக எதுவும் மாறாது. உறையோ "தாக்குதல் தென்பட்டவுடன் தெளிக்கவும்" என்கிறது. ஜாஸ்மோனேட் புட்டியின்மேல் அச்சிடத்தக்க அறிவுரைகளிலேயே மிகத் தவறானது இதுதான் என்று நினைக்கிறேன்.

தக்காளியில் கண்ட பலனை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கரைசலின் மதிப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நாற்று ஆறேழு இலை விட்ட நிலையில் தெளித்தவற்றில் வெட்டுப்புழுக்கள் வரவே செய்தன, முட்டையும் இட்டன அந்துப்பூச்சிகள், இலையில் ஓட்டைகளும் விழுந்தன. ஆனால் ஓட்டைகள் சிறியவை. புழுக்கள், தெளிக்காத செடிகளில் இருந்தவற்றைவிடத் தெளிவாகவே மெலிந்தும் குட்டையாகவும் இருந்தன. செத்துக் கிடந்த புழு ஒன்றைக்கூடக் காணவில்லை. காலையில் எழுந்து தொட்டிக்கடியில் புழுக்கள் உதிர்ந்து கிடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து, புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போவார்கள். அவர்கள்மேல் தவறில்லை, "முழுப் பாதுகாப்பு" என்று எழுதியவர்மேல்தான் தவறு. புதிதாக விட்ட இலைகளைத் தேய்த்தால் விரலில் ஒட்டும் மஞ்சள் பச்சைக் கறையும் தக்காளி இலைக்கே உரிய நெடியும் கூடுதலாக இருந்தன. மெத்தில் ஜாஸ்மோனேட் பட்ட தக்காளியின் புது இலைகளில் சுரப்பு மயிர்கள் அடர்ந்து வளரும் என்பது ஆய்வுகளில் காணப்பட்ட ஒன்றே. பழைய இலைகளில் அந்த மாற்றம் வராது, என் செடிகளிலும் வரவில்லை.

இவ்வகைச் சரக்கைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெளித்த தொட்டியையும் தெளிக்காத தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாமல் போகலாம், ஏனெனில் மெத்தில் ஜாஸ்மோனேட் எளிதில் ஆவியாகும் பொருள். 1990-இல் எட்வர்ட் ஃபார்மரும் ரயானும் மூடிய அறைகளில் தக்காளிச் செடிகளை இதன் ஆவிக்கு உட்படுத்தியபோதே தடுப்பான் புரதங்கள் பெருகின. இந்தப் பொருளை இயல்பாக வெளியிடும் ஒரு வகைப் புதர்ச்செடியின் கிளைகளைப் பக்கத்தில் வைத்தபோதும் அவ்வாறே நடந்தது. திறந்த மாடியில் காற்று ஆவியைக் கலைத்துவிடும் என்றாலும், கம்பி வலையும் நிழல் வலையும் போட்டு அடைத்த அல்சூர் பால்கனிகளில் இரண்டு தொட்டிகளும் ஒரே காற்றைத்தான் பகிர்ந்துகொள்ளும். நான் தெளிக்காதவற்றை மாடியின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

சாலிசிலிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவதை மறைக்கப் போவதில்லை. "இரட்டை ஹார்மோன் ஆற்றல்" என்று உறையில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். செடிக்குள் இந்த இரண்டும் வெவ்வேறு எதிரிகளுக்கானவை. உயிருள்ள திசுவில் குடியேறி வாழும் நோய்க்கிருமிகளுக்கு எதிரான வழியைச் சாலிசிலிக் அமிலம் நடத்துகிறது. மென்று தின்னும் புழுக்களுக்கு எதிரான வழியை ஜாஸ்மோனிக் அமிலம் நடத்துகிறது. ஒன்று ஓங்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்குகிறது. அளவையும் நேரத்தையும் பொறுத்து இதற்கு விலக்குகள் உண்டு, ஆனால் அந்த அளவு எது என்பதை உறை சொல்ல வேண்டும் அல்லவா? எத்தனை விழுக்காடு மெத்தில் ஜாஸ்மோனேட், எத்தனை விழுக்காடு சாலிசிலிக் அமிலம் என்று எங்குமே இல்லை. லிட்டருக்கு 5 மில்லி கலக்கவும் என்பது மட்டுமே இருக்கிறது. வெள்ளை ஈயைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வேடிக்கையானது. சாற்றை உறிஞ்சும் இந்த ஈ, இலையில் சாலிசிலிக் வழியைத் தூண்டிவிட்டு, தனக்குத் தீங்கு செய்யக்கூடிய ஜாஸ்மோனிக் வழியை அமுக்கிவிடுவது அரபிடாப்சிஸ் செடிகளில் காட்டப்பட்டிருக்கிறது. அந்த ஈ தன் வாயால் செய்யும் வேலையில் ஒரு பங்கைப் புட்டியே செய்து கொடுத்தால், அதை வெள்ளை ஈக்கு எதிரான பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது? என் கத்தரிச் செடிகளில் தெளித்தவற்றிலும் தெளிக்காதவற்றிலும் இலையைத் தட்டினால் ஒரே அளவு வெள்ளைப் பொடிபோல ஈக்கள் பறந்தன.

அவரையிலும் அப்படியே. பெங்களூரில் மார்கழி வந்தால் சந்தையெல்லாம் அவரைக்காய் வாசனைதான். அதே வேளையில் மாடியில் அவரைக் கொடி வைத்திருப்பவர் வீட்டில் கொழுந்தெல்லாம் கருப்பு அசுவினி. கரைசல் அதைத் தொடவில்லை. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சியடித்ததில் போனது அதைவிட அதிகம்.

கறிவேப்பிலையைப் பற்றிப் பலர் கேட்பதால் தனியாகச் சொல்கிறேன். அதைத் தின்பவை பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்: முதலில் பறவை எச்சம்போல இருந்து, பின் பச்சையாகிக் கொழுப்பவை. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் வேதிப்பொருட்களோடு காலங்காலமாகப் பழகியவை அவை. அந்த மணங்களை அடையாளமாகக் கொண்டே தாய்ப்பூச்சி முட்டையிட இலையைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரே குடும்பத்துச் செடிகளை மட்டுமே நம்பி வாழும் இத்தகைய பூச்சிகளிடம், செடியின் பாதுகாப்பு வேதிப்பொருட்களைக் கூட்டுவது பெரிதாகப் பலிப்பதில்லை. கடுகு, முட்டைகோஸ் வகைகளிலும் இதே கதைதான். வைரமுதுகுப் பூச்சியின் புழு, தன் குடலிலுள்ள ஒரு நொதியால் குளுகோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றிவிடுகிறது. அதன்பின் அதிலிருந்து கார நஞ்சு உருவாக வழியில்லை. எனவே கடுகுக்கீரைத் தொட்டியில் நான் தெளித்த கரைசல் எனக்குத்தான் செலவு. அந்தப் புழு வழக்கம்போல இலையைச் சல்லடையாக்கிச் சென்றது.

அடுத்தது, செடி கொடுக்கும் விலை. பாதுகாப்புக்கான ஒவ்வொரு புரதமும் வளர்ச்சிக்குப் போக வேண்டிய பொருளைக் கொண்டே செய்யப்படுகிறது. அதோடு ஜாஸ் புரதங்களும், வளர்ச்சி ஹார்மோனான ஜிப்பரெலினை அடக்கும் டெல்லா புரதங்களும் ஒன்றோடொன்று பிணைந்து வேலை செய்வதால், ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் இறுகுகிறது. 1980-களின் தொடக்கத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட் முதலில் கவனத்துக்கு வந்ததே இலையை மஞ்சளாக்கி முதுமையைத் துரிதப்படுத்தும் பொருளாகத்தான். தக்காளியில் ஜாஸ்மோனிக் அமிலத்தைத் திரும்பத் திரும்பத் தெளித்துப் பார்த்த ஓர் ஆய்வில் காய்கள் எண்ணிக்கையில் குறைந்தன, காய்ப்பும் பழுப்பதும் தாமதமாயின, விதைகளும் குறைந்தன. உறை சொல்கிறபடி அறுவடைவரை வாரந்தோறும் தெளித்த ஒரு வரிசைச் செடிகள் என் மாடியிலும் குட்டையாக நின்றன, பூக்கவும் தாமதித்தன, அடியிலைகள் சீக்கிரமே வெளிறின. நாற்றாக இருக்கும்போதும் பூக்கும் முன்பும் மட்டும் தெளித்த வரிசையில் இந்தக் குறைகள் தென்படவில்லை. வாரந்தோறும் தெளிக்கச் சொல்வது யாருக்கு ஆதாயம் என்பதைப் புட்டியின் விலையைப் பார்த்தே ஊகிக்கலாம்.

இந்த வேதியியல் வயலில் தரும் இன்னொரு நன்மை மாடியில் கிடைப்பதரிது என்பதையும் சொல்ல வேண்டும். ஜாஸ்மோனிக் அமிலத்தால் தூண்டப்பட்ட செடிகள் காற்றில் கலக்கும் மணங்களை வெளியிட, அவற்றை மோப்பம் பிடித்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் தேலர் தக்காளி வயல்களில் இந்த அமிலத்தைத் தெளித்தபோது குளவிகள் பற்றிய புழுக்களின் பங்கு இரு மடங்கானதை 1999-இல் வெளியிட்டார். புட்டியோடு வரும் துண்டுப்பிரசுரத்தில் இந்தக் குளவிப் படம் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. சுற்றிலும் காங்கிரீட்டும் நான்காவது மாடியும் மட்டுமே உள்ள இடத்தில் அழைப்பு மணம் எழுந்தாலும் வருவதற்குக் குளவிகள் அருகில் இருக்க வேண்டும். ஹெப்பாளுக்கு அப்பால் தோட்டமும் வயலும் ஒட்டிய வீடுகளில் வசிப்பவர்கள் வேண்டுமானால் இதை எதிர்பார்க்கலாம்.

"முழுக்க இயற்கை, ரசாயனமற்றது" என்ற வாசகத்தையும் பொருட்படுத்த வேண்டாம். மெத்தில் ஜாஸ்மோனேட் 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டது உண்மை. அதனால் அது ரசாயனம் அல்ல என்றாகிவிடாது. தெளித்து எத்தனை நாள் கழித்துக் காயைப் பறித்து உண்ணலாம் என்ற குறிப்பு உறையில் இல்லாதது இதைவிடக் கவலைக்குரியது. வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகள் தக்காளியைப் பறித்த கையோடு கடிப்பது வழக்கம்.

மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு: சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேப்பஞ்சோப்பும் புங்கஞ்சோப்பும் இதைவிட மலிவு, இதைவிட விரைவு. வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பு ஹார்மோனைக் குழப்புகிறது. அதாவது அது நேராகப் பூச்சியிடமே போகிறது, செடியின் தயவை எதிர்பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில் தெளிக்காமல், நாற்றுப் பருவத்தில் ஜாஸ்மோனேட், பூச்சி கண்ணில் பட்ட பிறகு வேப்பஞ்சோப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் அவற்றுக்குரிய வேலை கிடைக்கும். விதையையே ஜாஸ்மோனிக் அமிலத்தில் ஊறவைத்து முளைக்கவைத்த தக்காளிச் செடிகள் பல வாரங்களுக்குப் பின்னும் பூச்சியைத் தாங்கியதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். உற்பத்தியாளர்கள் பெரும்புட்டிகளை விட்டுவிட்டு அந்த வழியில் ஒரு சிறு விதைநேர்த்திப் பொட்டலம் கொண்டுவந்தால், நானே முதலில் வாங்குவேன்.

பயன்படுத்துவதில் சில நடைமுறைக் குறிப்புகள். கடற்பாசிச் சாறு அடியில் மண்டியாகத் தங்குவதால், புட்டியை நன்றாகக் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகே தெளிப்பானில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முனை அடைத்துக்கொள்கிறது. மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆவியாகும் பொருளாதலால், மூடி தளர்ந்திருந்த புட்டியில் கடைசியில் கடற்பாசி மட்டுமே மிஞ்சக்கூடும். மாலையில் தெளிக்குமாறு உறை சொல்கிறது. அக்டோபரில் பெங்களூரு மழையும் அதே நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்பதால், அந்த மாதத்தில் விடியற்காலையில் தெளிப்பதே உசிதம். லிட்டருக்கு 5 மில்லி என்ற கணக்கில் ஒரு புட்டி 20 லிட்டர் வரும்; நாற்றுகளுக்கு மட்டும் பயன்படுத்தும் வீட்டில் அது தேவைக்கு மிக அதிகம். அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.